தெரபிக்காகப் பள்ளி நாளை இழக்க வேண்டுமா?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வாரம் ஒருநாள் பிசியோதெரபிக்காக கல்வித்துறையின் வட்டார வள மையத்துக்கு இரண்டு பஸ் மாறிக் கூட்டிப் போகிறேன், அன்று பள்ளி போய்விடுகிறது. பள்ளியிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். மையத்துக்குப் போவதை இப்போதைக்கு நிறுத்த வேண்டாம், ஆனால் பாயில் படுக்கவைத்துக் காலை நீட்டி மடக்கும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் தெரபி என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் அவன் எப்படி உட்காருகிறான், எத்தனை தடவை எழுந்து நிற்கிறான், கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு நடக்கிறானா இல்லை தூக்கிக்கொண்டே போய்விடுகிறார்களா, இதெல்லாம் வாரம் முழுக்க நடப்பது.

நாளைக்கே போய் அவன் பெஞ்சைப் பாருங்கள். பாதம் தரையைத் தொடாமல் தொங்கினால் இடுப்பு முன்னால் சறுக்கும், முதுகு வளையும், விழாமல் இருக்க ஒரு கையால் டெஸ்கைப் பிடித்துக்கொள்வான், அப்புறம் எழுத்து கோணலாக வருகிறது என்று திட்டு வாங்குவான். பாதம் முழுக்கப் பதிகிற உயரத்துக்கு ஒரு மரப்பலகையைக் காலடியில் போடுங்கள், இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கட்டும். செலவே இல்லாத இந்தப் பலகைக்குப் பிறகு கையெழுத்து மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போடுகிறான் என்றால் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணி நேரத்துக்கு மேலும் மறையவில்லை என்றால் அளவு சரியில்லை, மாற்ற வேண்டும். வளர்கிற வயதில் எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது, அதனால் போன வருஷத்து ஸ்பிளிண்டையே ஓட்டாதீர்கள்.

சரி, யாரிடம் கேட்பது? வட்டார வளமைய மேற்பார்வையாளருக்குத் தலைமையாசிரியர் வழியாக ஒரு கடிதம் கொடுங்கள். மையத்தின் இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) சிறப்பாசிரியரும் பள்ளிக்கே ஒருமுறை வந்து, அவன் உட்காருவதையும் நடப்பதையும் பார்த்து வகுப்பாசிரியருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். சலுகை கேட்பதாகக் கூச்சப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16 கட்டடத்தையும் வசதிகளையும் அணுகும்படி வைக்கச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவி உபகரணங்களை இலவசமாகத் தரச் சொல்கிறது பிரிவு 17. மாற்றுத்திறனாளி சான்றிதழின் நகலைக் கடிதத்தோடு இணையுங்கள்.

வகுப்பாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கரும்பலகை அழிக்கும் வேலையை அவனுக்குத் தரச் சொல்லுங்கள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எழுந்து நிற்க அதுவே பயிற்சி.