பெயர் தெரியாத பழைய லேத்தை வாங்கலாமா?

ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபத்தில் படகு ஷாப்ட் கடைவதற்காக, கேள்விப்படாத கம்பெனியின் பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிப் பெயரைவிட பெட்டின், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நீண்ட அடிப்பாகத்தின், தேய்மானமே முக்கியம். கடையும் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு அருகில்தான் பெட் அதிகம் தேயும் என்பதால், வெட்டும் உளியைத் தாங்கி பெட்டின் மேல் நகரும் கேரியேஜின் லாக் போல்ட்டை அங்கே லேசாக இறுக்கிவிட்டு எதிர்முனையிலுள்ள டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். போகப் போக இறுகினால் தேய்மானம் உறுதி. உப்புக் காற்றடிக்கும் ஊரில் புது பெயின்ட்டையும் தடித்த கிரீஸையும் நான் நம்புவதில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் அடியிலுள்ள துருக்குழிகள் தெரிந்துவிடும். பிறகு 25 மி.மீ. கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, 100 மி.மீ. நீளத்துக்கு மெல்லிதாகக் கடைந்து, இரு முனைகளிலும் அளவு மாறுகிறதா என்று மைக்ரோமீட்டரால் பாருங்கள். மாறினால் லேத் நேராகக் கடையவில்லை என்று பொருள். மரை வெட்டும்போது மாற்றிப் போடும் கியர்களில் ஏதாவது குறைந்தால் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் முனையிலுள்ள மரை வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால், வேறு சக் மாட்டத் தனியாக பேக் பிளேட் (சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் தட்டு) கடைய வேண்டிவரும். அந்தச் செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.