ஏழாம் நாள் தானத்துக்குப் போகிறீர்களா?

கேள்வி: நாங்கள் சுன்னாகத்தில் இருக்கும் சைவக் குடும்பம். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் சிங்களத் தோழியின் தந்தை குருநாகலில் காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் தானத்துக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்திருக்கிறார். என்ன உடுப்பது, என்ன கொண்டுபோவது, பிக்குமாரை விழுந்து கும்பிடத்தான் வேண்டுமா? பதின்மூன்று வயது மகன், "அவர்களுடைய சமயம் என்னதான் சொல்கிறது அம்மா?" என்று கேட்கிறான். வெசாக் கூட்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வெள்ளைத் துணி விரித்த இருக்கை எதிலும் உட்கார்ந்துவிடாதீர்கள். பேராதனையில் பௌத்த நூல்களின் மொழியான பாளி படிக்கப் போன முதலாம் ஆண்டில், நண்பன் வீட்டில் பிக்குமாருக்கு உணவளிக்கும் தானத்துக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்பு. கூடத்துச் சுவரோரம் வெள்ளை விரித்து வரிசையாக இருக்கைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் போய்ச் சாய்ந்துகொண்டேன். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. நண்பனின் மாமா வந்து தோளில் கைவைத்து, "மல்லி (தம்பி), வாங்க, பின்னுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்போம்" என்று கூட்டிப்போனார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அந்த வெள்ளை விரிப்பு பிக்குமாருக்கு உரியது என்பது தேத்தண்ணி முடியும்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற எல்லோருக்கும் பாய்தான்.

உடுப்பு வெள்ளை. புதிதாக வாங்கத் தேவையில்லை. கோயிலுக்கு உடுக்கும் வெள்ளை வேட்டியும் கரையில்லாத வெளிர் சேலையும் போதும். நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேரம்தான் மிக முக்கியம். பிக்குமார் நண்பகலுக்குப் பிறகு உணவு உண்பதில்லை என்பதால் பகல் தானம் பன்னிரண்டு மணிக்கு முன் முடிந்தாக வேண்டும். நம்மூர் வழக்கப்படி "பதினொன்று என்றால் பன்னிரண்டு" என்று நினைத்துப் போனால் வெறும் பாத்திரத்தைத்தான் காண்பீர்கள். முடிந்தால் முதல் நாள் மாலையே போய்விடுங்கள். ஆறாம் நாள் இரவு ஒரு பிக்கு வந்து பண, அதாவது அறவுரை, சொல்வார். சிங்களம் புரியாவிட்டாலும் ஒரு மணி நேரம் அந்தக் குடும்பத்தோடு பாயில் இருந்தால் அது துக்கம் விசாரித்ததற்குச் சமம்.

மறுநாள் காலை பிக்குமார் வாசலுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஒருவர் அவர்களுடைய பாதத்தைக் கழுவித் துடைப்பார். புத்தரின் புனித தாது வைக்கும் பேழை ஒன்றைத் தலையில் ஏந்திக் கொண்டுவருவார்கள். அது உள்ளே போகும்வரை எழுந்து நில்லுங்கள். பிறகு எல்லோரும் புத்தர், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்து ஐந்து சீலங்களை எடுப்பார்கள். கொல்லாமை, களவு செய்யாமை, முறைதவறிய காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மயக்கும் மது தவிர்த்தல். இவை கட்டளைகள் அல்ல, "தவிர்க்கிறேன் என்று பயிற்சியாக ஏற்கிறேன்" என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்பவை. இதை மகனிடம் சொல்லிவையுங்கள். எல்லாக் கறியிலும் சிறிது எடுத்து முதலில் புத்தருக்குப் படைப்பார்கள். அதன் பின்தான் பிக்குமார் உண்பார்கள், அதற்கும் பின்தான் நாம். குசினியில் உதவி செய்யப் போனால் உப்புப் பார்க்கிறேன் என்று வாயில் வைத்துவிடாதீர்கள். நம் வீட்டுப் படையல் போலத்தான்.

தானச் சோற்றில் மீனோ இறைச்சியோ இருந்தால் திகைக்க வேண்டாம். தனக்காகக் கொன்றதைக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இராவிட்டால் பிக்கு அதை ஏற்கலாம் என்பது இலங்கைப் பௌத்தப் பிரிவான தேரவாதத்தின் விதி. நீங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர் என்பதைத் தோழிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பருப்பும் மரக்கறியும் எப்படியும் இருக்கும்.

இனி நான் உங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லும் காட்சி. உணவு முடிந்து, காணிக்கைகள் கொடுத்தான பின், குடும்பத்தார் பாயில் நெருங்கி உட்காருவார்கள். ஒரு தட்டு, அதன் நடுவில் ஒரு கிண்ணம், பக்கத்தில் நீர்க்குடுவை. எல்லோருடைய கையும் அந்தக் குடுவையைத் தொட்டிருக்கும். கை எட்டாதவர் முன்னால் இருப்பவரின் முழங்கையைத் தொட்டுக்கொள்வார். பிக்குமார் பாளியில் ஓதத் தொடங்க, நீர் நூலாக இறங்கும். கிண்ணம் நிறைந்த பிறகும் நிறுத்துவதில்லை. வழிந்து தட்டில் நிற்கும். அப்போது ஓதப்படும் பாட்டின் பொருள் இது: நிறைந்து ஓடும் ஆறுகள் கடலை நிரப்புவது போல, இங்கே கொடுத்தது இறந்தவருக்குச் சென்று சேர்கிறது. குடும்பத்தார், "இதங் மே ஞாதீனங் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ" என்று மூன்று முறை சொல்வார்கள். "இது என் உறவினருக்கு ஆகட்டும், உறவினர் சுகமாக இருக்கட்டும்." கீரிமலையில் அந்தியேட்டி செய்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஆனால் வேறுபாடு உண்டு, உங்கள் மகன் கேட்கிற கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆன்மா என்றுமுள்ள பொருள். புத்தர் அப்படி மாறாத ஆன்மா ஒன்று இல்லை என்றார். அப்படியானால் மறுபடி பிறப்பது எது? பௌத்தர்கள் விளக்குச் சுடரைக் காட்டுவார்கள். முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்றால் ஒன்றல்ல. வேறா என்றால் வேறுமல்ல. வினை அவரவருக்கே என்றால், மகள் செய்த தானம் தகப்பனுக்கு எப்படிப் போகும்? தானம் பார்சலாகப் போவதில்லை. தன் பொருட்டு நல்லது நடந்ததை அறிந்து அவர் மனம் மகிழ்கிறாரே, அந்த மகிழ்ச்சியே அவருடைய சொந்த நல்வினை ஆகிறது. இதற்கு அனுமோதனை என்று பெயர். அதைப் பெறக்கூடிய பிறவியில் அவர் இல்லாவிட்டால்? கொடுத்தவருக்குக் கொடுத்ததன் பயன் எங்கும் போய்விடாது என்பது மரபான பதில்.

மகனுக்கு மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாழ்வில் துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துன்பம் அறும், அதற்கு எட்டு அங்கமுள்ள வழி ஒன்று உண்டு. இவையே நான்கு உண்மைகள். இலங்கை, மியன்மார், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் நாடுகளில் தேரவாதம். சீனா, யப்பான், கொரியா, வியட்நாமில் மகாயானம். திபெத், பூட்டான், மொங்கோலியாவில் வச்சிரயானம். இலங்கைப் பிக்குமாருக்குள்ளும் சியாம், அமரபுர, ராமஞ்ஞ என மூன்று நிகாயங்கள், அதாவது துறவிப் பிரிவுகள், இருந்தன. பின்னிரண்டும் 2019இல் ஒன்றாக இணைந்தன. சியாம் நிகாயம் 1753இல் தாய்லாந்திலிருந்து உபாலி தேரர் குழு வந்து கண்டியில் உபசம்பதா என்னும் முழுத் துறவுச் சடங்கு நடத்தியதால் உண்டானது. அதற்கு ஆதரவு கொடுத்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழியில் வந்த அரசன் என்பது நம் பாடப்புத்தகங்கள் அவசரமாகக் கடந்துபோகும் விடயம்.

விழுந்து கும்பிடுவது பற்றி. பௌத்தர்கள் முழந்தாளிட்டு நெற்றி நிலம்பட வணங்குவார்கள். உங்களிடம் அதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். எழுந்து நின்று கைகூப்பினால் போதும். பிக்கு பதிலுக்குக் கைகூப்ப மாட்டார். அது அவமதிப்பு அல்ல, அவர்களுடைய ஒழுங்கு. "சுகி ஹோது" என்று வாழ்த்துவார். பேசும்போது "ஹாமுதுருவனே" என்று அழையுங்கள். பொருள் கொடுப்பதானால் இரண்டு கையாலும் கொடுங்கள். பெண்கள் கையில் கை படாமல் கொடுப்பது வழக்கம். சிங்களத்தில் பிக்குமாருக்கென்று தனிச் சொற்கள் உண்டு. அவர்கள் வருவதும் போவதும் "வடினவா", உண்பது "வளந்தனவா". நாம் "எழுந்தருளினார்", "அமுது செய்தார்" என்று எழுதுகிறோமே, அதே மரியாதைதான். அந்த இரண்டு சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு போனால் தோழியின் தாயார் உங்களைப் பிடித்துக்கொள்வார்.

கொண்டுபோக, பனங்கட்டிக் குட்டான் இரண்டு. பருவமாக இருந்தால் கறுத்தகொழும்பான் மாம்பழம். சீனி, பால்மா, தேயிலையும் நல்லதுதான். பணம் கொடுக்க நினைத்தால் பிக்குவின் கையில் அல்ல, தோழியின் கையில் உறையில் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உங்கள் கடிதத்தின் அடியில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் புத்தர் சிலை என்றாலே இராணுவமும் காணியும் நினைவுக்கு வருகின்றன. தையிட்டியில் விகாரைக் காணிக்காக உரிமையாளர்கள் போராடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கசப்பை ஒதுக்கிவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கசப்பால் நம் சொந்தப் பழமையையும் அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறோம். கந்தரோடை உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அங்கே இருக்கும் சின்னச் சின்னத் தூபிகள் யாருடையவை என்று இன்றும் சண்டை. தமிழர் பௌத்தராக இருந்ததே இல்லை என்பது போல இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். மணிமேகலை தமிழ்ப் பௌத்தக் காப்பியம். 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர் தமிழ்ப் பௌத்தர். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு ஒரு விகாரை பற்றிப் பேசுகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளைத் தனித்தனியே எடுத்து மறுக்கிறது. அக்கம்பக்கத்தில் இல்லாத ஒருவரோடு யாரும் அவ்வளவு நுணுக்கமாக வாதாடுவதில்லை.

போய்வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் குறிகட்டுவானுக்குக் கூட்டிச் சென்று படகேறுங்கள். மணிமேகலையில் வரும் மணிபல்லவத் தீவு, படகு போய்ச் சேரும் நயினாதீவே என்று கருதுவோர் பலர். இரண்டு நாக அரசர்கள் மணி ஆசனத்துக்காகப் போரிட, புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் சொல்லும் நாகதீபமும் அதுவே என்பது பௌத்தர் நம்பிக்கை. தெற்கிலிருந்து வரும் வெள்ளுடைக் கூட்டம் விகாரையில் பூவைத்துவிட்டு, நாகபூசணி அம்மனுக்கும் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். நீங்களும் அந்த வரிசையில் நிற்கப்போகிறவர்தானே. குருநாகலில் கற்ற இரண்டு சிங்களச் சொல்லை அங்கே யாரிடமாவது பேசிப் பாருங்கள்.