நம்ம பசங்க போனதாலதான் அங்க சம்பளம் குறைஞ்சுச்சா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தம்பி, என் பையன் ஆறு வருஷமா சிங்கப்பூர்ல கட்டட வேலை பாக்குறான். "நீங்கள்லாம் வந்துதான் எங்க சம்பளம் குறைஞ்சுபோச்சு"ன்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாராம், போன்ல அழாத குறை. அது நெஜமா? – மன்னார்குடி வாசகி

பதில்: அவர் பட்ட கஷ்டம் நெஜம்தாம்மா, ஆனா கோவத்தை உங்க பையன்மேல காட்டுனது தப்பு. 2000-ல சுமார் 40 லட்சமா இருந்த சிங்கப்பூர் ஜனத்தொகை 2010-ல 50 லட்சத்தை தாண்டிடுச்சு, கூடுனதுல பெரும்பங்கு வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க. அந்த காலத்துல கீழ்மட்ட வேலை பாத்த உள்ளூர்க்காரங்க சம்பளம் விலைவாசிக்கு ஈடா ஏறவே இல்ல, அதனாலதான் 2007-ல ஒர்க்ஃபேர்னு ஒரு திட்டம் போட்டு அரசாங்கமே அவங்களுக்கு காசு குடுக்க ஆரம்பிச்சுது.

ஆனா ஏன் ஏறல? எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்ச சம்பளச் சட்டம் அங்க கிடையாது. உங்க பையனோட பர்மிட், அதாவது அங்க வேலை பாக்குறதுக்கான அனுமதி, ஒரு முதலாளி பேர்ல இருக்கு, நடுவுல வேற கம்பெனிக்கு போகணும்னா பெரும்பாலும் இவர் சம்மதம் வேணும், ஊர்லயோ ஏஜென்ட்டுக்கு கட்டுன கடன் வட்டி ஏறிக்கிட்டு இருக்கு, இந்த நிலைமையில எவன் "இந்த சம்பளம் பத்தாது"ன்னு வாய தொறப்பான் சொல்லுங்க? அவன் பேச முடியாததால கூலி அங்கயே நிக்குது, அந்த கூலிக்கு உள்ளூர்க்காரர் வரமாட்டார், உடனே உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னு சொல்லி இன்னும் பர்மிட் கேப்பாங்க. கையால செய்ய ஆள் மலிவா கிடைச்சா மெஷின் வாங்கவும் யாருக்கும் மனசு வராது.

இதுல லெவின்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு பர்மிட்டுக்கும் முதலாளி மாசாமாசம் அரசாங்கத்துக்கு கட்டுறது. கட்டுமானத்துல 2024 ஜனவரிலேர்ந்து கூடுதல் தேர்ச்சி உள்ளவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மத்தவங்களுக்கு 900 வெள்ளி. புதுசா போற நம்ம பசங்க பலருக்கு பேசிக் சம்பளமே அவ்வளவு வராது! வெளிநாட்டு ஆள் ரொம்ப மலிவா தெரியக்கூடாதுன்னுதான் லெவி போட்டாங்க, ஆனா அதுல ஒரு வெள்ளிகூட வேலை செய்றவன் கைக்கு வரல, எனக்கு இதுதான் மனசு ஆறவே மாட்டேங்குது.

துப்புரவு வேலைய பாருங்க. அதுல வயசான உள்ளூர்க்காரங்க நிறைய. 2014-ல அவங்களுக்கு அடிப்படை சம்பளம் 1,000 வெள்ளிக்கு குறையக்கூடாதுன்னு வரம்பு வச்சாங்க, 2024-ல அது 1,740 ஆச்சு. வெளிநாட்டு ஆளுங்கள விரட்டியா ஏறுச்சு? இல்ல, சட்டம் போட்டதால ஏறுச்சு. ஆனா அந்த வரம்பு குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரவாச உரிமை) வச்சிருக்குறவங்களுக்கும் மட்டும்தான், உங்க பையனுக்கு கிடையாது.

கேள்வி: சிங்கப்பூர்ல வீட்டு வாடகை ஏறுறதுக்கும் தொழிலாளிங்கதான் காரணமா? – திருச்சி மாணவர்

பதில்: கட்டட பர்மிட்ல போன நம்மாளுங்க வீவக வீட்டை, அதாவது அரசாங்கம் கட்டுன அடுக்குமாடி வீட்டை, வாடகைக்கு எடுக்கவே முடியாது, முக்கால்வாசி பேர் டார்மிட்டரிங்குற தொழிலாளர் விடுதிலதான். வாடகைய ஏத்துறதுல எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல வர்ற பெரிய சம்பளக்காரங்களுக்கு பங்கு உண்டு, ஜனத்தொகை ஏறுன வேகத்துக்கு வீடு கட்டாததும் சேர்ந்துக்குச்சு. 2011 தேர்தல்ல ஆளுங்கட்சி ஓட்டு 60 சதவீதத்துக்கு இறங்குனதுக்கு இதுவும் ஒரு காரணம், அந்த வருஷமே 25,000 புது வீடு விக்க விட்டாங்க.

இன்னொண்ணு, 2020 ஏப்ரல்ல கொரோனா டார்மிட்டரிகள்ல பரவி 3 லட்சத்துக்கும் மேல தொழிலாளிங்கள உள்ளயே அடைச்சு வச்சாங்களே, அப்ப கட்டட வேலை நின்னு போச்சு, வீடுங்க தாமதமாச்சு, 2022-ல தனியார் வீட்டு வாடகை ஒரே வருஷத்துல சுமார் 30 சதவீதம் ஏறுச்சு. வீட்டை கட்டுறவன அடைச்சா வீடு எங்கேர்ந்து வரும்?

கேள்வி: நான் இங்கயே பொறந்தவன் சார். எம்ஆர்டி மெட்ரோ ரயில்ல கூட்டம் தாங்கலன்னு சொன்னா "நம்ம ஆளுங்களயே வெறுக்குறியா"ங்கிறாங்க. நான் சொன்னது தப்பா? – சிங்கப்பூர் ஈசூன் வாசகர்

பதில்: தப்பே இல்ல சார். கூட்டம் இருந்தது நெஜம், 2011 டிசம்பர்ல ரயில் ரெண்டு தடவை பெரிய அளவுல நின்னு போனப்ப விசாரணைக் குழு பராமரிப்புலயும் குறை இருக்குன்னு சொல்லுச்சு. அத அரசாங்கத்துக்கிட்ட கேளுங்க, கேக்கணும். ஆனா ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்துக்கு பர்மிட் ஆளால பாரம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பொண்டாட்டி புள்ளைங்கள அவங்க கூட்டிட்டு வர முடியாது, வைத்தியத்துக்கு முதலாளிதான் இன்சூரன்ஸ் எடுக்கணும், 2023 ஜூலைலேர்ந்து வருஷத்துக்கு குறைஞ்சது 60,000 வெள்ளிக்கு.

கேள்வி: லெவி பணத்தை என் தம்பி சம்பளத்துல புடிக்கிறாங்க. புடிக்கலாமா? – புதுக்கோட்டை வாசகர்

பதில்: கூடவே கூடாது, அது குற்றம். லெவி முழுக்க முதலாளி பொறுப்பு. 2016 ஏப்ரல்லேர்ந்து என்னென்ன புடிச்சாங்கன்னு விவரமா பே ஸ்லிப் குடுத்தாகணும், அத எல்லாம் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்க சொல்லுங்க, மனிதவள அமைச்சுல புகார் குடுக்கலாம். சம்பள பாக்கி கேக்கணும்னா வேலையில இருக்கும்போதே ஒரு வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள. ஊருக்கு வந்து பாத்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போட விடாதீங்க.