முதல் பத்தடி வலித்தால் கவனியுங்கள்

17 வயது மகளின் அகில்லஸ் தசைநாண் மாவட்டத் தடகளப் போட்டிக்குள் அறுந்துவிடுமோ என்பதுதான் உங்கள் கடிதத்தின் அச்சம். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அந்த நாண் அறுவது பெரும்பாலும் 30 வயதைக் கடந்து, விடுமுறை நாளில் மட்டும் மைதானத்தில் இறங்குபவர்களுக்கு நேர்வது. பள்ளி வயதில் அரிது. கணுக்காலைச் சுழற்றும்போது எழும் சொடக்குச் சத்தம், வலி இல்லாதவரை, ஒன்றுமில்லை. மூட்டுவாதத்தைக் கண்டறிய நீங்கள் கேட்ட யூரிக் அமில இரத்தப் பரிசோதனைக்கும் இங்கே வேலையில்லை.

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்தடி நொண்டுகிறாள், பிறகு சரியாகிவிடுகிறது என்று போகிறபோக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். குதிகாலுக்குச் சற்று மேலே நாணை இரு விரல்களால் பிடித்து, மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடித்து, அழுத்தினால் வலித்தால், தாங்கும் அளவை மீறி அது உழைக்கிறது என்று பொருள். தேர்வுக்காக ஒரு மாதம் ஓடாமல் இருந்துவிட்டு, திரும்பிய வாரமே இருவேளையும் ஆணி பதித்த ஸ்பைக்ஸ் காலணி அணிந்து ஓடியதன் விளைவு இது. தசை சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும்; இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

முழு ஓய்வு தேவையில்லை. வேக ஓட்டத்தையும் தாண்டுதலையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மிதிவண்டி ஓட்டட்டும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் எம்பி, வலியுள்ள காலால் மட்டும் குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை 15 முறை வீதம் மூன்று சுற்று, தினமும் செய்யட்டும். மறுநாள் காலை அந்த முதல் பத்தடி முன்பைவிட வலித்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். வலி குறைந்துவந்தால் மட்டுமே ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இரண்டு வாரத்தில் மாற்றமில்லையென்றால் எலும்பியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

ஓடுவதற்கு முன் வலி மாத்திரை கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். வலி தெரியாமல் ஓடினால் காயம்தான் வளரும். வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இன்னும் மோசம். அவ்வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது; மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் அது நேரலாம். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் தோன்றி, அதன்பின் அந்த ஒற்றைக்காலில் நுனிவிரலில் எம்ப முடியாவிட்டால், நடக்க முடிகிறதே என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாண் அறுந்த பிறகும் பலரால் நடக்க முடியும்.