விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள்: ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்களின் கேள்விகள்

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் வேலைக்கு வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய் வாங்குகிறேன். இனி இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தினால் போதும், 70 பைசா என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வார்த்தைக் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் மணிக்கு 300 வார்த்தை என்று வைத்துக்கொள்வோம், 450 ரூபாய். 70 பைசாவில் அதே தொகை கிடைக்க மணிக்கு 640 வார்த்தைக்கு மேல் திருத்த வேண்டும். மாதிரிக் கோப்பு ஒன்றை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திப் பாருங்கள். மிக்ஸி கையேடு, ஷாப்பிங் ஆப் வாசகம் என்றால் எட்டிவிடலாம். விளம்பரமும் ஒப்பந்தப் பத்திரமும் அப்படியல்ல. ஒரு வரியில் ‘நீங்கள்’, அடுத்ததில் ‘நீ’, நிறுவனத்தின் பெயரையே மொழிபெயர்த்து வைத்திருக்கும். அழித்துவிட்டு எழுதுவதே சுலபம். அதற்கு மணிக்கு இவ்வளவு என்று கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். ஆனால் வீட்டு வாடகையே இந்த வேலையில்தான் ஓடுகிறது என்றால், இன்னொரு வாடிக்கையாளர் அமையும்வரை பொறுங்கள். மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால் ‘முடியாது’ என்ற சொல் தானாக வரும்.

கேள்வி: முதல் வேலைக்குக் குறைத்துக் கொடுங்கள், பின்னால் நிறைய வரும் என்கிறார்கள்.

பதில்: நிறைய வரட்டும், அப்போது குறைக்கிறேன் என்று சொல்லுங்கள். 200 வார்த்தை மாதிரி சரி. 2,000 வார்த்தைக்கு மாதிரி என்று பெயர் வைக்க முடியாது.

கேள்வி: ஆறு வருடப் பழக்கம். 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். பணமோ மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. முகத்தை முறிக்கத் தயக்கம்.

பதில்: நானும் முகத்துக்காக ஒருமுறை குறைத்தேன். அடுத்த வருடப் பேரம் அந்தக் குறைந்த விலையிலிருந்தே தொடங்கியது. நீங்கள் இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்: 30 நாளில் பணம் என்றால் 5 சதவீதம் குறைப்பு, இல்லாவிட்டால் பழைய விலை. அப்புறம், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவைச் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. வட்டிக்காகச் சண்டை போட வேண்டாம்; சட்டம் தெரிந்தவர் என்று தெரிந்தாலே பில் நகரும்.

கேள்வி: விலை அதேதான். ஆனால் இனி ஆங்கில வார்த்தைகளை விட்டுவிட்டுத் தமிழ் வார்த்தைகளைத்தான் எண்ணுவார்களாம்.

பதில்: இதுவும் குறைப்புதான், சத்தமில்லாத குறைப்பு. ‘ஃப்ரம் தி ஹவுஸ்’ மூன்று வார்த்தை, ‘வீட்டிலிருந்து’ ஒன்று. பழைய கோப்பு ஒன்றில் இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். 1,000 ஆங்கில வார்த்தை தமிழில் 700 ஆகிறது என்றால், அதே தொகை கிடைக்க, ஒன்றரை ரூபாய்க்குப் பதில் இனி தமிழ் வார்த்தைக்கு 2 ரூபாய் 15 பைசா கேளுங்கள்.