மார்கழிக் குளம் வேண்டாம், மாசிவரை பொறுங்கள்

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் பப்டிஸ்ட் சபைப் போதகராக இருக்கிறேன். சபையில் தொட்டி இல்லை. கிறிஸ்மஸ் வாரத்தில் ஏழு பேருக்குக் குளத்தில் ஞானஸ்நானம் கொடுக்க விரும்புகிறேன். மூப்பர்கள் தயங்குகிறார்கள். ஏழு பேரில் ஒருவர் ஷெல்லடியில் முழங்காலுக்கு மேலே கால் போய், பொய்க்காலோடு நடக்கும் அம்மா. என்ன செய்யலாம்?

பதில்: மூப்பர்கள் சொல்வதைக் கேளுங்கள், போதகர் ஐயா. பயந்து தயங்கவில்லை, குளத்தை அறிந்து தயங்குகிறார்கள். மார்கழியில் வன்னிக் குளங்கள் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் கரை தாண்டி வழியும்; வான் பாயும் என்போம். நேற்று இடுப்பளவு நின்ற இடத்தில் இன்று கழுத்தளவு நிற்கும். எலிக்காய்ச்சல் பரவும் காலமும் அதுதான். ஆவணியில் வற்றும்போதோ சேறு காலை இழுக்கும். மிஞ்சிய தண்ணீரில் முதலைகள் கூடும். மாசி, பங்குனிதான் நல்ல காலம். விசுவாச அறிக்கையும் முழுக்கும் இருந்தால் போதும், கிறிஸ்மஸ் வாரம்தான் வேண்டும் என்று பப்டிஸ்ட் முறையில் ஒரு விதியும் இல்லை.

அப்போதும் குளத்துக்குப் போகாமல் சபை வளவிலேயே தறப்பாள் (தார்ப்பாய்) விரித்த தொட்டி அமைப்பதே எங்கள் விருப்பம். அந்த அம்மாவை மட்டும் தனியாகப் பிரித்து வைக்காமல் ஏழு பேரும் ஒரே தண்ணீரில் இறங்கலாம்.

எட்டடி நீளம், நாலடி அகலம், மூன்றரை அடி ஆழத்தில் கிடங்கு வெட்டுங்கள். மழைக்காலத்தில் வெட்டினால் நிலத்தடி நீர் ஊறிச் சுவர் சரியும். கல், வேர் பொறுக்கிவிட்டுப் பழைய பாய்களை விரித்து, அதன்மேல் 17க்கு 13 அடித் தறப்பாளைப் போட்டு, ஓரங்களை மண்மூட்டையால் அமத்துங்கள். மூன்றடி உயரத்துக்கு ஏறக்குறைய 2,700 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஒரு மூலையில் ஒன்றரை அடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினால் அதுவே படி, அந்த அம்மாவுக்கு ஆசனமும் அதுதான்.

பொய்க்காலைக் கரையில் கழற்றிவிட வேண்டும். காலைச் செருகும் கிண்ணத்துக்குள் தண்ணீர் புகுந்தால் பாரமாகும், மூட்டும் துருப்பிடிக்கும். மிஞ்சிய கால் தண்டில் புண் இருந்தால் அது ஆறும்வரை பொறுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், தண்ணீரில் மிதந்து புரளும். விளிம்பிலிருந்து மூட்டைமேல் நகர்ந்து அமரட்டும். தொட்டியின் நீளம் முதுகுப் பக்கமாக இருக்கவேண்டும். இரண்டு சகோதரிகள் தோளையும் இடுப்பையும் தாங்க, மெதுவாகப் பின்னே சாய்த்து எடுங்கள்.

மற்றவர்களிடம் பிழைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பயத்தில் உடம்பை விறைத்துக்கொண்டு பலகைபோல் விழுவார்கள், கால் மேலே கிளம்பும், போதகரும் சறுக்குவார். முழங்காலை மடித்து, கதிரையில் உட்காருவதுபோல் இறங்கச் சொல்லுங்கள். மூக்கைப் பிடித்த கைகளின்மேல் உங்கள் ஒரு கை, பிடரிக்குக் கீழே மற்றது. முதல் நாள் தரையிலேயே பழக்கிவிடுங்கள். சேலை மிதந்து காலில் சுற்றும். நீளமான வெள்ளை அங்கியின் கீழ் மடிப்பில் மீன்வலை ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்தால் மேலே கிளம்பாது.

வயர் ஒலிவாங்கியைத் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுவராதீர்கள். 2005இல் அமெரிக்காவின் வேக்கோ நகரில் ஒரு பப்டிஸ்ட் போதகர், ஞானஸ்நானத் தண்ணீரில் நின்றபடி ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். இரவில் தண்ணீர் நிரப்பினால் காவலுக்கு ஆள் இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள். ஆராதனை முடிந்த அன்றே இறைத்து மூடாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

குளம்தான் என்று சபை முடிவெடுத்தால், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பிடம் கேட்டு, சனம் தினமும் குளிக்கும் துறையில் மட்டும் காலையில் இறங்குங்கள். தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசுப் பக்கம் போகவே வேண்டாம். குளக்கட்டில் பிள்ளையார் கோயில் இருந்தால் பூசை நேரத்தையும் வெள்ளிக்கிழமையையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் வீசா சமயப் பணிக்கானதுதானா என்பதையும் ஒருமுறை பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், திகதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கட்டும். 2009 போர் இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த சனம் இது. ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள்.