வில்லன் என்றால் உழவன்: ஆங்கில நடத்தைச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

மனிதரின் குணத்தையும் நடத்தையையும் எடைபோட ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களின் வேர் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, சிலையின் விரிசலை மெழுகு பூசி மறைக்காத சிற்பியைக் குறிக்க, 'மெழுகு இல்லாமல்' என்னும் லத்தீன் தொடரிலிருந்து 'சின்சியர்' பிறந்தது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: கதை அழகானது, ஆதாரம்தான் இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் இதை ஏற்கவில்லை. லத்தீன் மூலச் சொல்லுக்குத் தூய, கலப்பற்ற என்பதே பொருள். 'ஒன்று', 'வளர்தல்' என்னும் இரு வேர்கள் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒரே விளைச்சல், வேறெதுவும் கலவாதது என்று கொள்ளலாம். அந்தப் பொருளே போதுமான அழகோடு இருக்கும்போது சிற்பியை எதற்கு இழுக்க வேண்டும்?

கேள்வி: 'வில்லன்' முதலில் உழவனைக் குறித்ததாமே?

பதில்: ஆம். ரோமானியரின் 'வில்லா' நாட்டுப்புறப் பண்ணை வீடு. அந்தப் பண்ணை நிலத்தில் உழைத்தவனுக்குப் பிற்கால லத்தீனில் வழங்கிய பெயர், பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. 1300 வாக்கிலேயே 'இழிந்தவன், அயோக்கியன்' என்ற பொருள் அதன்மேல் ஏறிவிட்டது.

இந்தச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல இது. பழைய ஆங்கிலத்தில் 'சர்ல்' சாதாரணக் குடியானவன். அவன் பெயரிலிருந்து வந்த 'சர்லிஷ்' இன்று முரட்டுத்தனத்தைக் குறிக்கிறது. நயமில்லாதவனைச் சுட்டும் 'பூர்' (boor) என்ற சொல்லும் உழவனின் பெயரே. டச்சு மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு இன்றும் விவசாயி என்றுதான் பொருள். மறுபக்கம் பாருங்கள். 'கர்ட்டஸி' அரசவையிலிருந்து வந்தது. 'ஜென்டில்' நற்குடியில் பிறந்தவனைக் குறித்தது. இன்று நயமாகப் பழகுபவரைச் சுட்டும் 'அர்பேன்' (urbane) நகரத்தானுக்குரியது. ஏர் பிடித்தவனின் பெயர் வசையாகிவிட்டது, அவனது விளைச்சலில் உண்டவர்கள் வாழ்ந்த இடம் பண்பின் பெயராகிவிட்டது. ஏட்டில் எழுதும் வாய்ப்பு யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: நம் 'நாகரிகம்' மட்டும் என்ன, நகரத்திலிருந்து வந்ததுதானே? 'பட்டிக்காட்டான்' என்று நாமும் திட்டுகிறோமே?

பதில்: சரியான கேள்வி. வேர் நகரம்தான், அந்த வசையும் நம்முடையதுதான். ஆனால் குறள் 580-ஐ எடுத்துப் பாருங்கள். பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் கண்டும் அதை உண்டு அமைபவரை 'நயத்தக்க நாகரிகம்' வேண்டுபவர் என்கிறார் வள்ளுவர். அது இடம்பெறும் அதிகாரம் கண்ணோட்டம், அதாவது இரக்கம். நகரத்து மினுக்குக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: 'நைஸ்'?

பதில்: லத்தீனில் 'அறியாத' என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது மூடனைக் குறித்தது. பாராட்டாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. 'சில்லி' இதற்கு நேரெதிர். பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல் பேறு பெற்றவரைக் குறித்தது.

கேள்வி: 'எட்டிக்கெட்' என்பதும் 'டிக்கெட்' என்பதும் ஒன்றா?

பதில்: ஒரே பிரெஞ்சுச் சொல்லின் இரு பிள்ளைகள். ஒட்டிவைக்கும் சீட்டு என்று பொருள். அவையில் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சீட்டில் எழுதித் தந்ததால் இப்பொருள் வந்திருக்கலாம் என்பர்.

கேள்வி: ஐயா, நான் ஆங்கிலப் பத்திரிகையில் வேலை செய்கிறேன். பிற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். அது நம் சொல்தானா?

பதில்: நம்முடையதுதான். பறையர் என்னும் சாதிப் பெயரை ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது. வாழும் மக்களின் பெயரை உலகம் முழுவதும் இழிசொல்லாகப் புழங்குகிறது. அகராதியில் இருக்கிறது என்பதற்காக அதை நீங்களும் எழுத வேண்டியதில்லை. 'ஐசொலேட்டட்' என்று எழுதுங்கள். செய்தியின் பொருள் சிறிதும் குறையாது. ஆசிரியர் காரணம் கேட்டால் இந்தப் பதிலையே காட்டுங்கள்.